வெறும் வயிற்று அளவு குறைந்தும் எச்பிஏ1சி ஏன் இறங்கவில்லை

தம்பி, நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். அம்மாவுக்கு 57 வயது, வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறார். முதல் சோதனையில் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 138, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. நீரிழிவுக் குளிசை மெட்ஃபோர்மின் 500 காலையும் இரவும் ஒவ்வொன்று. அன்றைக்கே சோற்றை விட்டுவிட்டார். காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் மூன்று துண்டு பாண் இல்லாவிட்டால் ஒரு தட்டு பழம், இரவில் சிவப்பு இடியப்பம், இடையில் பசித்தால் கிரீம் கிராக்கர். மூன்று கிழமை கழித்துச் சோதித்ததில் வெறும் வயிற்றில் 129, எச்பிஏ1சி 8.2. இவ்வளவு வாயைக் கட்டியும் இறங்கவில்லையே, இனி எதைக் குறைப்பது என்று அம்மா அழுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. 26 வருடம் மருத்துவ ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தவள், 11 வருடமாக என் இரத்தத்தையும் சோதிக்கிறேன், எனக்கும் நீரிழிவு. மருந்தைக் கூட்டுவது குறைப்பது பற்றி எதுவும் சொல்லமாட்டேன், அது அம்மாவைப் பார்க்கிற வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. சாப்பாட்டையும் சோதனையையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மா இனி எதையும் குறைக்க வேண்டாம் என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துக்கொண்டே போனால் உடம்பு இளைக்கும், மனம் சலிக்கும், ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். அப்படி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் அந்த இரண்டு மூன்று மாதத்தில் இரத்தத்தில் இருந்த சீனியின் சராசரி கிட்டத்தட்ட வரும். 8.4க்கு அது 194. காலையில் எழும்பும்போது 138 இருக்கிற ஒருவருக்கு முழு நாள் சராசரி 194 என்றால், பகலிலோ இரவிலோ எங்கேயோ 240, 260 என்று ஏறி இறங்கியிருக்க வேண்டும். அந்த ஏற்றம் சாப்பிட்ட பிறகுதான் வருகிறது, நீங்களோ சாப்பிடாத நேரத்தில் மட்டும் சோதிக்கிறீர்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு இதுதான் கதை, கிளினிக்குக்கு முதல்நாள் இரவு ஒரு கோப்பை சூப்போடு படுத்துக் காலையில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு வருவார்கள், மற்ற 29 நாளும் என்ன நடந்தது என்று அந்தத் துண்டில் இருக்காது.

மூன்று கிழமையில் எச்பிஏ1சி எடுத்ததும் கொஞ்சம் அவசரம். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சீனி அது சாகும்வரை போகாது, ஆகவே அம்மாவின் உடம்பில் இன்னும் பழைய அணுக்கள்தான் கூட. 0.2 இறங்கியதை ஒரு விடையாகவே எடுக்க வேண்டாம், மூன்று மாதம் முடிந்ததும் எடுங்கள். அளவு கட்டுக்குள் வந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். இன்னொன்று, அம்மாவுக்கு இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடக் காட்டும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருந்தாலோ அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண்ணை நம்ப முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டிய வேலை. ஒரு குளுக்கோமீற்றர் வாங்குங்கள். மெஷினைவிட ஸ்ட்ரிப்தான் செலவு, அதனால் எந்த மெஷினுக்கு ஸ்ட்ரிப் எப்போதும் பக்கத்து ஃபார்மசியில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிறகு சோடி சோடியாகச் சோதிக்க வேண்டும்: சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கெடுக்காதீர்கள். கிழமைக்கு ஏழு ஸ்ட்ரிப் போதும். திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சோடி, புதன் மத்தியானத்துக்கு ஒரு சோடி, வெள்ளி இரவுக்கு ஒரு சோடி, ஞாயிறு வெறும் வயிற்றில் ஒன்று. பக்கத்திலே என்ன சாப்பிட்டார், எவ்வளவு என்று எழுத வேண்டும், "இடியப்பம்" என்று எழுதினால் பயனில்லை, "இடியப்பம் 6, பருப்பு அரைக் கரண்டி, சொதி" என்று எழுத வேண்டும்.

பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130க்குள்ளும், இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழும், எச்பிஏ1சி 7க்குக் கீழும் இருப்பது நல்லது என்று சொல்வார்கள். வயது, வேறு வருத்தங்களைப் பார்த்து வைத்தியர் இதை மாற்றிச் சொல்லலாம். நான் எனக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன், முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் போனால் அந்தச் சாப்பாட்டை அடுத்த கிழமை மாற்றுவேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

என் கதையையே சொல்கிறேன். நீரிழிவு என்று தெரிந்த முதல் வருடம் இரவில் சிவப்பு இடியப்பம்தான் சாப்பிட்டேன், பத்து, சொதியும் தேங்காய்ச் சம்பலும். சிவப்பு மா தானே, நல்லது என்று முழு நம்பிக்கை. ஒரு நாள் சோதித்தேன், முன் 118, பின் 231. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் குத்தினேன், 227. அடுத்த கிழமை அதே இடியப்பம் ஐந்து, கூட ஒரு அவித்த முட்டை, பருப்பு, நிறைய வல்லாரைச் சம்பல், முதலில் வல்லாரையையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில்தான் இடியப்பம். 164. அதே வீடு, அதே மா, அதே குளிசை. அன்றிரவு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதுவரை இந்த வருத்தம் தன் பாட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் சாப்பாட்டைப் பார்த்தால், சோறு போன இடத்தில் மாச்சத்தே வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாச்சத்து. ஒரு துண்டு பாணில் 15 கிராம் அளவு, மூன்று துண்டு என்றால் அந்தச் சோற்றைத் தாண்டிவிட்டது, அதுவும் மரக்கறி இல்லாமல், மீன் இல்லாமல். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் நிறைய இருக்கிறது, அது நல்ல தானியம், ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராம் அளவு மாச்சத்துத்தான். மாவாக அரைத்து அவித்ததும் அது சீக்கிரம் செரிக்கும், கடையில் வாங்கும் குரக்கன் புட்டில் கோதுமை மாவும் கலந்திருக்கலாம். கிரீம் கிராக்கர் இனிக்காது, ஆனால் அது கோதுமை மா. சீனி என்றால் இனிப்பு என்று நாங்கள் நாக்கை வைத்து அளக்கிறோம், வயிற்றுக்குள் போனதும் பாணும் பிஸ்கட்டும் சீனியாகத்தான் உடைகின்றன.

ஆகவே அம்மாவுக்கு நான் சொல்வது, மத்தியானச் சோற்றைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஒரு கோப்பை சிவப்புக் குத்தரிசிச் சோறு. முழுத் தானியமாக மென்று சாப்பிடும் குத்தரிசி, அரைத்த மாவிலும் பாணிலும் பார்க்க மெதுவாகச் செரிக்கும். தட்டில் பாதி மரக்கறியும் இலையும்: போஞ்சி, கோவா, பாவற்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெண்டிக்காய், முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, கங்குன். கால் பங்கு மீன், முட்டை, கோழி, மரக்கறிக்காரர் என்றால் கௌபி, கடலை, சோயா. மீதிக் கால் பங்குதான் சோறு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, பலாக்காய், ஈரப்பலா, வற்றாளை எல்லாம் மரக்கறிப் பக்கம் சேராது, சோற்றுப் பக்கம்தான் சேரும், உருளைக்கிழங்குக் கறி இருக்கிற நாளில் சோறு இன்னும் குறைய வேண்டும். பருப்பைச் சோற்றுக்குக் குழம்பு மாதிரி ஊற்றாமல் ஒரு கறியாக அளவோடு எடுங்கள். கொழும்பில் கடைச் சோற்றுப் பார்சல் எடுக்கிறவர்களுக்கு ஒரு வழி, திறந்தவுடனே சோற்றில் பாதியைக் கரண்டி வைக்கும் முன்பே வேறாக எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு எடுக்கலாம் என்று நினைத்தால் எடுக்க மாட்டோம்.

தேங்காய்ப்பால் சீனியை ஏற்றாது, ஆனால் நிறையும் கொலஸ்ட்ரோலும் ஒரு பக்கம் இருக்கிறது, கட்டிப்பாலைக் குறையுங்கள், சொதியை முற்றாக விட வேண்டியதில்லை.

குடிப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் அங்கேயே 35, 40 கிராம் போய்விடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தால் பரவாயில்லை என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை, பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் இரத்தத்துக்குச் சீனிதான். இலங்கையில் சோடா, ஜூஸ் போத்தல்களில் 2016இலிருந்து நிற அடையாளம் போடுகிறார்கள், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. செம்மஞ்சள் என்றதும் ஆபத்தில்லை என்று எடுத்துவிடாதீர்கள், 100க்கு 8 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், ஏழு தேக்கரண்டிச் சீனி. செவ்விளநீரும் மருந்து மாதிரி நினைத்துக் குடிக்கிறார்கள், அதிலும் இயற்கையான சீனி இருக்கிறது, தினமும் ஒன்று என்பது அம்மாவுக்கு அதிகம்.

பழத்தைச் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தட்டு நிறையச் சாப்பிடுவதை நிறுத்துங்கள், பழத்தையே நிறுத்த வேண்டாம். அரைக் கொய்யா, ஒரு கீற்றுப் பப்பாசி, சின்ன வாழைப்பழம் ஒன்று, இதில் ஒரு நேரத்துக்கு ஏதாவது ஒன்று. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் சோதித்துப் பார்க்கட்டும், ஆசைப்பட்டதை முற்றாகத் தடுப்பதைவிட எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருக்கே தெரிவது நல்லது. பிழிந்த ஜூஸ் மட்டும் வேண்டாம்.

விரல் குத்துவதில் சின்னச் சின்னப் பிழைகள் பெரிய எண்ணைக் கொடுக்கும். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் மெஷின் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும், சோப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. இரத்தம் வராவிட்டால் விரலைப் பிழியாதீர்கள், கையைத் தொங்கவிட்டு இளஞ்சூட்டு நீரில் கழுவினால் வரும். கொழும்பின் ஈரக் காற்று ஸ்ட்ரிப்புக்கு எதிரி, போத்தலில் ஒன்றை எடுத்தவுடனே இறுக்கி மூடுங்கள், குளியலறையிலோ சமையலறை ஜன்னலடியிலோ வைக்க வேண்டாம். மெஷினுக்கும் லாப்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் வருவது வழமை, சர்வதேசத் தரத்திலேயே 100க்கு மேல் 15 வீதம் வரை கூடக்குறைய அனுமதி இருக்கிறது, ஆகவே 150ஐயும் 158ஐயும் வைத்து வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

லாப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளுக்கோஸுக்கு எடுக்கும் இரத்தம் ஃபுளோரைட் போட்ட குழாயில் போக வேண்டும், வழக்கமாகச் சாம்பல் நிற மூடி. மற்றக் குழாயில் விட்டால் இரத்த அணுக்களே அந்தச் சீனியைத் தின்றுவிடும், சாதாரண அறைச் சூட்டில் மணிக்கு 5 முதல் 7 வீதம் குறையும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வெளியிலிருந்து வந்த இரத்தம் அப்படிச் சாதாரண குழாயில் நாலு மணி நேரம் மேசையில் கிடந்திருக்கிறது, அந்த ஐயாவுக்கு 112 என்று கொடுத்துவிட்டார்கள், அவர் சுகம் வந்துவிட்டது என்று குளிசையைப் பாதியாக்கிவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்து மறுநாள் கூப்பிட்டுச் சரியாக எடுத்தபோது 149. இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. இரத்தம் எடுக்கும்போது எந்தக் குழாய், எத்தனை மணிக்குச் சோதிப்பீர்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வெறும் வயிறு என்றால் 8 முதல் 10 மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம், பிளேன்ரீ கூடாது. எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை.

கொத்தலகிம்புட்டு என்ற மூலிகை நீரிழிவுக்கு உதவுமா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அது வெறும் கதை இல்லை, அதில் உள்ள சலசினோல் என்ற பொருள் மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியைத் தடுக்கிறது, அகார்போஸ் என்ற மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பாவற்காய், வெந்தயம், கோவை இலை எல்லாவற்றையும் கறியாக, சுண்டலாகச் சாப்பிடட்டும், நல்லது. சாறாகவும் தூளாகவும் அளவில்லாமல் குடித்துக்கொண்டு குளிசையை விடுவதுதான் ஆபத்து. என்ன குடிக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

நடை. அம்மா காலையில் மரைன் டிரைவில் நடக்கிறார் என்றால் அது தொடரட்டும், ஆனால் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடப்பதற்குத் தனிப் பலன் இருக்கிறது, சீனி ஏறுகிற அந்த நேரத்திலேயே கால் தசைகள் அதை இழுத்துக்கொள்ளும். இரவில் வெளியே போக முடியாவிட்டால் தொடர்மாடியின் நடைவழியில் நடக்கலாம். நடந்த நாளும் நடக்காத நாளும் அதே சாப்பாட்டுக்குச் சோதித்துப் பாருங்கள், அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டால் பிறகு யாரும் அவரை நடக்கச் சொல்ல வேண்டியிருக்காது. எங்கள் ஆட்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டினாலே கவனம் தேவை, அம்மாவுக்கு நிறை கூட என்றால் 5 வீதம் குறைந்தாலே எண்களில் தெரியும்.

விரதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கந்தசஷ்டி, வெள்ளிக்கிழமை என்று அம்மா பிடிப்பார்தானே. மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிறவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. ஆனால் பிறகு கிளிக்லசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ தந்தால், அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து, விரதத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டே ஆக வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து 70க்குக் கீழ் காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள், அந்த நேரத்தில் சீனி கூடாது என்று யாரும் தடுக்கக் கூடாது. மறுபக்கம், 300க்கு மேலே போய் வாந்தி, கடுந்தாகம், மயக்கம் என்றால் வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கண்ணையும் கால் பாதத்தையும், சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியட்டினினையும் சோதிக்க வேண்டும். மெட்ஃபோர்மின் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. சென்னையில் நீரிழிவு வைத்தியர் இராமச்சந்திரனும் குழுவும் நீரிழிவின் வாசலில் நின்றவர்களை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 வீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்காக மாற்றியவர்களில் 39 வீதம். அவர்கள் எங்களைப் போலச் சோறும் இட்டலியும் சாப்பிடுகிறவர்கள். 35 வயதைத் தாண்டியிருந்தால் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே சோதிக்கலாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கே நீங்களும் கையை நீட்டுங்கள்.

திங்கட்கிழமை காலை அதே குரக்கன் புட்டை, வழக்கமான அளவில், எதையும் மாற்றாமல் சாப்பிடச் சொல்லுங்கள். முன் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. அந்த இரண்டு எண்களையும், எவ்வளவு புட்டு, கூட என்ன கறி என்பதையும் எழுதுங்கள், பார்த்துவிட்டு அடுத்து எதை மாற்றுவது என்று சொல்கிறேன்.